ஓய்வில் தேயும் மின்கலங்கள்

ஆளில்லா வானூர்தி இன்று நம் ஊர்களுக்குப் புதியதொரு காட்சியன்று. திருமணப் பந்தலின் மேலே வண்டுபோல் இரைந்தவாறு அது படம் பிடிக்கின்றது; நெல்வயலின் மீது தாழப் பறந்து மருந்து தெளிக்கின்றது; வெள்ளம் சூழ்ந்த ஊர்களின் நிலையை உயரத்திலிருந்து காட்டுகின்றது. அதனை அண்ணாந்து பார்ப்போர் பலர். அது தரையிறங்கிய பின் அதன் உடலிலிருந்து கழற்றியெடுக்கப்படும் செங்கல் வடிவிலான சிறு பொதியை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அப்பொதியே அதன் உயிர்நிலை. எப்போதாவது மட்டும் வானூர்தியைப் பயன்படுத்துவோர் கையில், அப்பொதி பறக்கும்போது கெடுவதினும் பெட்டிக்குள் சும்மா கிடக்கும்போதே மிகுதியாகக் கெடுகின்றது. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் மின்கலத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். அதற்கு விடையாக என் பிழையொன்றையே கூற வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், கடலோரச் சிற்றூர் ஒன்றின் பழைய கல்பள்ளிவாசலையும் அதனையடுத்த அடக்கத்தலத்துக் கல்வெட்டுகளையும் படம் பிடித்து ஆவணப்படுத்த எங்கள் துறையினர் முனைந்தோம். முன்னாள் மாணவர் சிலர் தம்முள் பொருள் திரட்டி, சிறியதோர் ஆளில்லா வானூர்தியை மூன்று மின்கலப் பொதிகளுடன் வாங்கித் தந்தனர். பணி இனிதே தொடங்கிற்று. இடையில் தேர்வுகளும் கோடை விடுமுறையும் வந்தன. திரும்பி வந்ததும் காலந்தாழ்த்தாது புறப்படலாம் என்று கருதி, மூன்று பொதிகளில் இரண்டை முழுமையாக மின்னேற்றி, மேல்மாடி அறையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்றாவதை ஏற்றிக் கொண்டிருக்கையில் மின்வெட்டு வந்தமையால், அதனைப் பாதியிலேயே எடுத்து உடன் வைத்தேன். விடுமுறை கழிந்து அலமாரியைத் திறந்தபோது, முழுமையாக ஏற்றிய இரண்டும் பொரித்த பூரிபோல் உப்பிக் கிடந்தன. அரைகுறையாக விட்ட மூன்றாவது மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. என்னிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருள் அக்கறையின்மையால் கெட்டிருந்தால் வருத்தம் ஒருவகை. அக்கறையோடு செய்த செயலாலேயே கெட்டதுதான் என்னை இத்துறை நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. பொதியுடன் வந்த கையேட்டிலும் எச்சரிக்கை இருந்தது. அது பொடியெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

இஃது எனக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 15,000க்கு வேளாண் வானூர்திகளை வழங்கும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2023ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. நம் மாணவர்களிலும் சிலர் பகுதிநேரத் தொழிலாகத் திருமண வீடுகளுக்குப் படம் பிடிக்கச் செல்கின்றனர். கடன் வாங்கிய பொருளைக் கொண்டு பிழைப்போர் இவர்கள். இவர்களது விடுதியறையிலும் வீட்டு நடையிலும் இப்பொதிகள் கிடக்கின்றன. இவற்றைப் பேணும் முறை தமிழில் எழுதப்பட வேண்டியது அறிவியல் தமிழின் கடமைகளுள் ஒன்றெனவே கருதுகின்றேன்.

பெயரும் பொருளும்

‘டிரோன்’ என்னும் ஆங்கிலச் சொல் ஆண்தேனீயைக் குறிப்பது. அதன் ரீங்காரத்தை நினைத்தால் பெயர் பொருத்தமாகவே தோன்றும். ‘பேட்டரி’ என்பதோ பீரங்கி வரிசையைக் குறித்த சொல். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்னைத் தேக்கும் கண்ணாடிச் சாடிகள் பலவற்றை வரிசையாக இணைத்து, அவ்வரிசைக்கு இப்பெயரைச் சூட்டினார். ஆகவே தனியொன்று மின்கலம்; பல மின்கலங்கள் கூடியது மின்கல அடுக்கு. நாம் பேச்சில் இரண்டையும் பேட்டரி என்றே சொல்லிவிடுகின்றோம். இங்கு இவ்வேறுபாடு பயனுடையது. ஏனெனில், ஒரு பொதிக்குள் இருக்கும் மின்கலங்கள் அனைத்தும் ஒருங்கே முதுமையடைவதில்லை. இக்கட்டுரையில் தனியொன்றை மின்கலம் என்றும், கூடியதைப் பொதி என்றும் குறிப்பிடுவேன்.

வானூர்திகளில் பெரும்பாலும் பயன்படுவது லித்தியம் பாலிமர் வகை. கைப்பேசியில் உள்ள லித்தியம் அயனி மின்கலமும் இதுவும் அடிப்படையில் ஒரே குடும்பம். உலோகக் குவளைக்குள் அடைக்கப்படாமல், அலுமினியத் தாள் ஒட்டிய மென்மையான பைக்குள் இது அடைக்கப்பட்டிருக்கும். எடை குறைந்தால்தான் பறக்க இயலும். ஆதலால் ஓடு நீக்கப்பட்டது. ஓடு நீங்கியதால் காப்பும் நீங்கியது. குத்தினால் கிழியும், உள்ளே வாயு பிறந்தால் உப்பும்.

உள்ளே நிகழ்வது

ஓலைச்சுவடிக் கட்டுகள் இரண்டை அருகருகே வைத்திருப்பதாக எண்ணிக் கொள்க. ஒன்று கிராஃபைட் என்னும் கரிப்பொருளாலானது; மற்றொன்று கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடாலானது. இரண்டிலும் அணுக்கள் ஓலைகள்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவ்வடுக்குகளின் இடைவெளியில் லித்தியம் அயனிகள் புகுந்து தங்குகின்றன. மின்னேற்றும்போது அவை ஆக்சைடுக் கட்டிலிருந்து வெளியேறி, மின்பகுளி என்னும் நீர்மத்தைக் கடந்து, கிராஃபைட்டுக் கட்டுக்குள் சென்றடைகின்றன. வானூர்தி பறக்கும்போது வந்த வழியே திரும்புகின்றன. இரு கட்டுகளும் ஒன்றையொன்று தொடாதவாறு நடுவே மெல்லிய சவ்வு ஒன்று பிரித்து நிற்கின்றது. தலைமுடியினும் மெல்லிய அச்சவ்வுதான் பயனுக்கும் தீக்கும் இடையிலுள்ள வேலி.

இக்கண்டுபிடிப்புக்காக ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 1991இல் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி இவ்வகை மின்கலத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் லித்தியம் சென்று மீளக்கூடும் என்பதை 1980ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் ஆய்ந்து காட்டியவர், மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸாமி. ஒரு துறைக்கான நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை; அவர் பெயர் அதில் இடம்பெறவில்லை. எனினும் 2014இல் அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் டிரேப்பர் பரிசு, குடினஃப், யோஷினோ, நிஷி ஆகியோருடன் அவருக்கும் வழங்கப்பெற்றது. நம் மாணவர்கள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் இது.

ஒரு மின்கலத்தின் நிலையை அதன் மின்னழுத்தம் காட்டும். முழுமையாக ஏற்றியபோது 4.2 வோல்ட், பெயரளவில் குறிக்கப்படுவது 3.7 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே செல்லவிடலாகாது. நான்கு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் பெயரளவு மின்னழுத்தம் 14.8, ஆறு இணைத்தால் 22.2. பொதியின் மேல் 4எஸ், 6எஸ் என்று அச்சிட்டிருப்பது இவ்வெண்ணிக்கையையே. பொதிக்குள் அடங்கிய ஆற்றலை அறிய, மின்னழுத்தத்தை ஆம்பியர் மணியால் பெருக்க வேண்டும். 14.8 வோல்ட்டும் 5,000 மில்லி ஆம்பியர் மணியும் உடைய பொதியில் 74 வாட் மணி ஆற்றல் உண்டு. 22.2 வோல்ட், 16,000 மில்லி ஆம்பியர் மணி உடைய வேளாண் பொதியொன்றில் இவ்வளவு ஏறத்தாழ 355. இக்கணக்கு பின்னர்ப் பயன்படும்.

நிறைவும் வெறுமையும்

மின்கலம் பற்றி நம்மிடையே உலவும் பழக்கங்கள் இரண்டு. எப்போதும் நிறைத்து வை என்பது ஒன்று. முழுவதும் தீர்த்த பின்னரே மீண்டும் ஏற்று என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல; ஆனால் இரண்டும் வேறு மின்கலங்களுக்கு உரியவை. முதலாவது, ஊர்தியிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் உள்ள ஈய அமில மின்கலத்திற்கானது. அது காலியாகக் கிடந்தால் அதன் தகடுகளில் ஈயச் சல்ஃபேட் படிகமாக இறுகி, பின்னர் ஏற்றத்தை ஏற்க மறுக்கும். ஆகவே அதனை நிறைத்து வைப்பதே முறை. இரண்டாவது பழக்கம், பழைய கம்பியில்லாத் தொலைபேசி, ஒளிப்படக் கருவி ஆகியவற்றில் இருந்த நிக்கல் காட்மியம் மின்கலத்திலிருந்து வந்தது. பாதியில் ஏற்றிப் பாதியில் ஏற்றி வந்தால் அது தன் முழுக் கொள்ளளவை ‘மறந்து’ விடும் என்பர். லித்தியம் மின்கலத்துக்கு இவ்விரண்டு அறிவுரைகளும் பகை. நான் இன்வெர்ட்டருக்குக் காட்டிய பரிவை வானூர்திக்குக் காட்டினேன். அதுவே என் பிழை.

முழு ஏற்றத்தில் லித்தியம் மின்கலம் ஓய்வில் இருப்பதாகத் தோன்றினும், உள்ளே அது பெரும் இறுக்கத்தில் இருக்கின்றது. கிராஃபைட்டு அடுக்குகளில் அயனிகள் நெருங்கித் திணிந்துள்ளன. அவற்றை இழந்த ஆக்சைடு அடுக்குகள் நிலைதளர்ந்து, தொட்டதை ஆக்சிஜனேற்றம் செய்யும் வேகத்துடன் நிற்கின்றன. அவற்றைத் தொட்டுக் கொண்டிருப்பது மின்பகுளி. அது சிறுகச் சிறுகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்களாக மாறுகின்றது. பை உப்புவது இவ்வாறுதான். கிராஃபைட்டின் பக்கத்திலும் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றது. தொடக்கத்தில் அப்படலம் காப்பாகவே அமைகின்றது. நாளடைவில் அது தடித்து, பயன்பட வேண்டிய லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திக் கொள்கின்றது.

இவ்வினைகளை விரைவுபடுத்துவது வெப்பம். பொதுவாக எடுத்துக்காட்டப்படும் அளவுகளின்படி, 25 பாகை செல்சியசில் முழு ஏற்றத்துடன் ஓராண்டு வைக்கப்பட்ட லித்தியம் அயனி மின்கலம் தன் கொள்ளளவில் 20 விழுக்காடு அளவுக்கு இழக்கும். 40 விழுக்காடு ஏற்றத்துடன் வைத்தால் இழப்பு 4 விழுக்காடு அளவே. வெப்பம் 40 பாகையாயின் முறையே 35, 15 என இழப்பு உயரும். மின்கலத்தின் வகைக்கேற்ப இவ்வெண்கள் கூடலாம், குறையலாம். ஆயினும் நிறைவும் வெப்பமும் ஒன்றுசேர்ந்தால் விளையும் கேடு இவற்றிலிருந்து தெளிவாகும். மேல்மாடி அறை, மே மாதம், இரும்பு அலமாரி, முழு ஏற்றம். வேறென்ன வேண்டும்?

வெறுமையும் நன்மை தருவதன்று. கிராஃபைட்டு பூசப்பட்டிருப்பது மெல்லிய செப்புத் தகட்டின் மேல். மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் அச்செம்பு கரைந்து மின்பகுளியில் கலக்கின்றது. மீண்டும் மின்னேற்றும்போது கரைந்த செம்பு ஒழுங்கின்றிப் படிந்து, ஊசிபோல் வளர்ந்து, பிரிப்புச் சவ்வைத் துளைக்கக்கூடும். ‘செத்த’ பொதியை வேறொரு மின்கலத்துடன் கம்பியால் இணைத்து உயிர்ப்பிக்கும் வித்தையைச் சிலர் பெருமையுடன் செய்து காட்டுவர். சார்ஜர் ஏற்க மறுத்த பொதியை ஏற்கச் செய்வது, காவலாளியைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைவதை ஒக்கும். அதனைச் செய்யலாகாது.

ஆகவே ஓய்வுக்கு உரிய நிலை நடுவிலுள்ளது. மின்கலம் ஒன்றுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட், ஏறத்தாழப் பாதி ஏற்றம். ஆறு மின்கலப் பொதியாயின் மொத்தம் 22.8 முதல் 23.1 வோல்ட். தரமான சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்னும் தெரிவு இதற்கென்றே உண்டு. அதனை அழுத்தினால் மிகுதியை இறக்கியோ குறையை ஏற்றியோ அதுவே இந்நிலைக்குக் கொணரும். இரண்டு மூன்று நாள்களுக்குள் பறக்கப் போவதில்லையெனின் இவ்வாறு செய்து விடுதல் நலம். அறிவுத்திறன் சுற்றமைக்கப்பட்ட சில வகைப் பொதிகள், பல நாள் தீண்டப்படாதிருந்தால் தாமே மின்னை இறக்கிக் கொள்கின்றன. அவற்றை வைத்திருப்போர் பாதியளவு ஏற்றி வைத்தால் போதும். ஆயினும் அச்சுற்று விழித்திருக்கவும் சிறிது மின் செலவாகும். ஐந்து விழுக்காட்டில் தரையிறக்கி அப்படியே மூன்று மாதம் மறந்துவிட்டால், அவ்வறிவுத்திறனே பொதியைக் கொன்றுவிடும். ஆதலால் மாதம் ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் இவ்வோய்வுக் காலங்கள் முன்னரே அறியத்தக்கவை. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. ரமளான் மாதத்தில் நம்மவர் வீடுகளிலும் அரிது. மருந்து தெளிப்போருக்கு அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வேலை இல்லை. ‘நாளை அழைப்பு வரலாம்’ என்று நிறைத்து வைத்த பொதிகள் கெடுவது இம்மாதங்களிலேதான்.

இந்நெறியை உலக வணிகமும் ஏற்றுள்ளது. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல், தனியே அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணியர் விமானச் சரக்கில் ஏற்றத் தடை விதித்தது. சரக்கு விமானங்களில் அனுப்பும்போதும் அவற்றின் ஏற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என விதித்தது. ஆற்றல் குறைவாக இருக்கும் மின்கலம் தீப்பற்றினாலும் அத்தீயின் வேகம் குறைவு என்பதே இதன் அடிப்படை. இவ்விதிக்குப் பின்னே உயிரிழப்புகள் உள்ளன. 2010 செப்டம்பர் 3ஆம் நாள் துபாயிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானமொன்றில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கில் தீ மூண்டது. திரும்பித் தரையிறங்க முயன்றும் இயலாது அது வீழ்ந்து, விமானிகள் இருவரும் மாண்டனர்.

எங்கே வைப்பது

குளிர்ந்த, உலர்ந்த இடம் என்று கையேடுகள் ஒரே வரியில் கூறிவிடும். நம் வெயிலில் அவ்விடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கல்நார்க் கூரைக்கு நேர்கீழும், அலமாரியின் உச்சித் தட்டும் தகா. தரைத்தளத்து உள்ளறையின் கீழ்த்தட்டே தக்கது. வெயிலில் நிறுத்திய ஊர்தியின் உள்ளே வைத்துவிட்டு விருந்துண்ணச் செல்வதைப் படப்பிடிப்பாளர்கள் உடனே கைவிட வேண்டும். கண்ணாடி அடைத்த ஊர்திக்குள் வெப்பம் 60 பாகையையும் எட்டும். குளிர்ப்பதனப் பெட்டி நல்லதல்லவா என்று ஒரு மாணவர் கேட்டார். குளிர் நல்லதே. ஆனால் வெளியே எடுத்தவுடன் இணைப்புகளின்மேல் நீர் அரும்பும். அந்த ஈரம் தீங்கு. உணவுப் பொருளுடன் இதனை வைப்பதும் முறையன்று.

தீத்தாங்கும் பைகள் இதற்கென விற்கப்படுகின்றன. இரும்புப் பெட்டியும் உதவும்; ஆனால் காற்றுப் புகாவண்ணம் இறுக மூடலாகாது. தீப்பற்றின் வாயு வெளியேற வழியின்றேல் பெட்டியே வெடிகுண்டாகும். மூடியின் ரப்பர்ப் பட்டையை நீக்கிவிட்டால் போதும். பெட்டியின் உட்புறத்தில் அட்டையொட்டி, பொதியின் முனைகளைத் தனித்தனியே மின்காப்பு நாடாவால் மூடி வைக்க வேண்டும். சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் ஒரே பையில் போடுதல் அறவே கூடாது. இரு முனைகளையும் உலோகம் ஒன்று இணைத்தால் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் பெட்டி கட்டும் பெரியவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. கைப்பேசிக்கு மின்னூட்டும் ‘பவர் பேங்க்’ இதே குடும்பத்தது. அதனையும் வானூர்தியின் உதிரிப் பொதிகளையும் சரக்கில் அனுப்பும் பெட்டியில் வைக்க இசைவில்லை. கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக இசைவு உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்குமேல் பயணியர் கொண்டு செல்லவியலாது. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட் மணி ஆகும். முன்னர்க் கண்ட கணக்கு இங்கே பயன்படுகின்றது.

மின்னேற்றும்போது

பறந்து இறங்கிய பொதி கைக்குச் சுடும். அச்சூடு ஆறாமல் மின்னேற்றக் கூடாது; ஏற்றிய சூட்டோடு பறக்கவிடவும் கூடாது. வயல்வெளியில் அடுத்தடுத்துத் தெளிக்க வேண்டியிருப்பின், பொதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதன்றி வேறு வழியில்லை. கடுங்குளிரில், நீர் உறையும் நிலைக்குக் கீழே மின்னேற்றுதலும் தீது. உதகையின் மார்கழி விடியற்காலையில் படம் எடுப்போர் மட்டும் இதனை நினைவில் கொள்க.

சார்ஜரில் மின்கலங்களின் வகையும் எண்ணிக்கையும் சரியாகத் தெரிவு செய்யப்பட்டனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். விபத்துகளுக்கு இப்பிழை பொதுவானதொரு காரணம். மின்னோட்டத்தின் அளவுக்கு எளிய விதி ஒன்றுண்டு: கொள்ளளவின் எண்ணைத் தாண்டாதிருத்தல். 5,000 மில்லி ஆம்பியர் மணிக்கு 5 ஆம்பியர்; 16,000க்கு 16. அதற்கும் குறைவாக ஏற்றினால் நேரம் கூடும், ஆயுளும் கூடும். பொதியின் மெல்லிய பல்கம்பி இணைப்பைச் சார்ஜரில் செருக மறவாதீர். ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே அளந்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொணரும் ‘பேலன்ஸ்’ முறை அதனால்தான் நிகழும். அஃதின்றேல் மொத்த மின்னழுத்தம் சரியாக இருக்கையிலேயே ஒரு மின்கலம் மட்டும் அளவு மீறி ஏறிக் கொண்டிருக்கும்.

விடுதி மாணவர்க்கு ஒரு சொல். இரவில் செருகிவிட்டு உறங்குவதும், கட்டிலின்மேல் வைத்து ஏற்றுவதும் பெருங்கேட்டுக்கு வழி. ஓடு அல்லது கல் பாவிய தரையில், புத்தகமும் துணியும் இல்லாத இடத்தில், அறையைவிட்டு வெளியேறும் வழியை மறிக்காமல் வைக்க வேண்டும். அருகில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மக்ரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் செல்லும் பத்து நிமிடமாயினும் இணைப்பை நீக்கிவிட்டே செல்க. திரும்பி வந்து செருகினால் பொதி ஒன்றும் கோபித்துக் கொள்ளாது.

உப்பிய பொதி

உப்பிய பொதி மீண்டும் பழைய நிலையை அடையாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றி, நாடா ஒட்டிப் பயன்படுத்துவோர் உளர். உள்ளிருக்கும் லித்தியம் உப்பு காற்றின் ஈரத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். கூடவே சவ்வும் கிழியலாம். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று பறக்கவிடுவதும் ஆகாது. அது மக்கள் கூடிய பந்தலின் மேலே பறக்கின்றது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தீ மூண்டால் என் செய்வது? லித்தியம் நீருடன் வினைபுரியும் என்று படித்த வேதியியல் மாணவர் நீரைக் கண்டு தயங்கக்கூடும். அது தூய லித்தியம் உலோகத்துக்கு உரிய எச்சரிக்கை. இம்மின்கலங்களில் லித்தியம் பெரும்பாலும் அயனியாகவே உள்ளது. இத்தீயில் ஒரு மின்கலத்தின் வெப்பம் அடுத்ததைப் பற்றவைக்கும். ஆக்சைடே ஆக்சிஜனை ஈந்து எரிவதற்குத் துணைபோகும். எனவே மூடி அணைப்பதினும் குளிர்விப்பதே முதன்மை. அதற்கு ஏற்றது மிகுதியான நீர். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே நீரை ஊற்ற வேண்டும். சிறு பொதியாயின் வாளி மணலும் தீ பரவாமல் தடுக்கும். ஆனால் அணைந்தது போல் காட்டி மீண்டும் மூளும். புகை நஞ்சு. பெரிய வேளாண் பொதி எரிந்தால் கருவியைக் காக்க எண்ணாது, எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை.

கல்லூரிகளின் பொருள் இருப்பேட்டைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். மேசை, நாற்காலியோடு மின்கலப் பொதியும் நிலைத்த பொருளாக அதில் எழுதப்படுகின்றது. அது ஏறத்தாழ இருநூறு, முந்நூறு முறை ஏற்றி இறக்கிய பின் ஓய்வு பெற வேண்டிய பொருள். கெட்டதைக் கழித்தால் தணிக்கையில் கேள்வி வருமே என்னும் அச்சத்தால், உப்பிய பொதிகளை இருப்புக் காட்டுவதற்காகவே அலமாரியில் வைத்திருப்போர் உண்டு. இதனைத் தவிர்க்க, பொதி ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, வாங்கிய நாள், ஏற்றிய முறைகள், ஒவ்வொரு மின்கலத்தின் மின்னழுத்தம், பறந்த நிமிடங்கள் ஆகியவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வரலாம். ஒரு மின்கலம் மட்டும் மற்றவற்றினின்று விலகத் தொடங்குவதை அக்குறிப்பேடே முதலில் காட்டிக்கொடுக்கும்.

கழித்த பொதியைக் குப்பைத் தொட்டியில் இடலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன் தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. ஒப்படைக்கும் முன் மின்னை இறக்க வேண்டும். உப்புநீரில் ஊறவைத்தால் போதும் என்று பரவலாகக் கூறப்படுகின்றது. உப்புநீர் முனைகளை அரித்து இணைப்பை அறுத்துவிடுவதால், உள்ளே மின் எஞ்சியிருந்தும் இல்லையெனத் தோன்றும். எங்கள் பொதிகளுக்கு இயற்பியல் துறை நண்பர் ஒருவர் ஊர்தி விளக்குக் குமிழ் ஒன்றை இணைத்துத் தந்தார். திறந்தவெளியில், சிமெண்டுத் தொட்டிக்குள் வைத்து அது எரிந்து மங்கும்வரை காத்திருந்தோம். பின்னர் முனைகளை நாடாவால் மூடி, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தோம்.

மூன்றாவது பொதி இன்றும் எங்களிடம் உள்ளது. தரைத்தளத்து அறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றது. மாதத்தின் முதல் வேலை நாளில் மாணவர் ஒருவர் அதனை அளந்து எழுதுகின்றார். சென்ற மாதப் பதிவில் நான்கு மின்கலங்களும் 3.82 வோல்ட். முன்பு 18 நிமிடம் பறந்த வானூர்தி இப்போது அதனைக் கொண்டு 13 நிமிடமே பறக்கின்றது. பள்ளிவாசலின் கடற்புறச் சுவரொன்றே இன்னும் படம் பிடிக்கப்படாமல் எஞ்சியுள்ளது. அதற்கு 10 நிமிடம் போதும்.